கல்வெளியில் இரண்டு கைகள்

11 செப்டெம்பர் 1986, வியாழன்

தண்ணீர்த் தொட்டியின் அடி தெரிகிறது. மழை பெய்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. விருந்தாளிகள் குளிக்க முடியாது என்று விடுதிக்கார அம்மா பிறாவ் பெச்சார்ட் கதவில் எழுதி ஒட்டினார். கீழே பள்ளத்தாக்கில் ஆறு நிரம்பி ஓடுகிறது. இங்கே மலைக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் எல்லாம் கல்வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும், ஒரு சொட்டு மேலே நிற்காது. மரமில்லை, மண்ணில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். பள்ளத்தாக்குச் சனங்கள் இந்த இடத்தைக் கல் பாலைவனம் என்கிறார்கள். சுவிஸ் என்றால் பச்சைப் புல்லும் மாடும் என்று நினைத்து வந்தவனுக்கு இப்படி ஓர் இடம்!

எனக்குப் பிடித்திருக்கிறது. சுன்னாகத்து ஸ்ரூடியோவில் முகங்களையே எடுத்து அலுத்துப்போனேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம், அடையாள அட்டைப் படம், செத்தவீட்டுப் படம். கல், "என்னைக் கொஞ்சம் வெள்ளையா எடுங்கோ" என்று கேட்காது.

பாத்திரம் கழுவத்தான் வந்தேன். பிறாவ் பெச்சார்ட்டின் காலஞ்சென்ற கணவரின் பெரிய கமராவை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை அவர் கண்டிருக்கிறார். "வேலை தெரியுமா?" என்று கேட்டார். இப்போது படம் எடுப்பதே என் வேலை. விடியலிலும் பின்னேரத்திலும் எடுத்து, விடுதியின் நிலவறையில் கழுவிக் கொடுக்கிறேன். விருந்தாளிகள் வாங்கிப் போகிறார்கள். சிலதை அவர் தபாலட்டையாக அச்சடிக்கிறார்.

இன்று எடுத்தது சரியில்லை. சாய்வில் இரண்டு மலையேறிகள். அவர்கள் விலகும்வரை நின்றேன். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

18 செப்டெம்பர், வியாழன்

மழை. தொட்டி நிரம்பியது.

குசினியில் வேலை செய்யும் குலேந்திரன் இன்றும் கேட்டான். இந்த மலையில் தமிழ் பேச எனக்கு இருக்கும் ஒரே ஆள். கொக்குவில்காரன். கலியாணம் முடித்த கையோடு வந்தவன், மனைவி சிவமலர் ஊரில்.

"அண்ணை, இந்தக் கல்லெல்லாத்தையும் எடுக்கிறியள். என்னை ஒருக்கா எடுத்தால் என்ன? சிவமலர் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு பார்க்கட்டும்."

"அது மலை எடுக்கிற பிலிம். உன்னை எடுத்து வீணாக்க ஏலாது."

சிரித்தான். எதற்கும் சிரிப்பான். நான் நிலவறையில் நிற்கும்போது கதவைத் தட்டித் தட்டிக் கதை கேட்பான். அவன் நல்லவன். ஆனால் எனக்கு ஆட்களே அலுத்துப்போச்சு.

27 செப்டெம்பர், சனி

பிறாவ் பெச்சார்ட்டுக்கு ஒரு ஆசை: மூடுபனி கல்வெளிக்குள் இறங்கும் அந்தக் கணம். தன் கணவர் எத்தனையோ வருடம் காத்திருந்தும் அது கிடைக்கவில்லையாம். கீழிருந்து பனி ஏறி, பள்ளங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, கடைசியாகக் கல்முனைகள் மட்டும் கடலில் தீவுகள் போல நிற்கும். ஒக்டோபரில் வரும் என்கிறார்.

எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. இதை நான் எடுப்பேன்.

குலேந்திரனின் கரைச்சலை நிறுத்துவதற்காக, "அடுத்த கிழமை ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு வா, எடுக்கிறன்" என்று சொல்லிவைத்தேன். போட்டுக்கொள்ள கோட் ஒன்று தேடுகிறான்.

5 ஒக்டோபர், ஞாயிறு

படம் கிடைத்துவிட்டது. கழுவிப் பார்க்காமலே தெரியும்.

குலேந்திரன் இன்னும் வரவில்லை. பிறாவ் பெச்சார்ட் கேட்டார். காணவில்லை என்றேன். கேபிள் கார் ஓட்டுநரும் ஆடு மேய்க்கிறவரும் கேபிள் கார் நிலையத்துக்கு இறங்கும் பாதையில் தேடுகிறார்கள். பனியில் ஒன்றும் தெரியாதாம். கீழே இறங்கி ஊருக்குத் தொலைபேசி எடுக்கப் போயிருப்பான். வந்துவிடுவான்.

6 ஒக்டோபர், திங்கள்

விடிந்ததும் நான் தனியே போய்ப் பார்த்தேன். கண்டுபிடித்தேன். கல்வெடிப்புக்குள் இடுப்பளவு இறங்கியிருந்தான், வலது கால் கீழே சிக்கியிருந்தது. இரவு பெய்த பனிமழை தலைமயிரில் உறைந்திருந்தது. உயிர் இருந்தது. ஹெலிகொப்ரர் வந்து கொண்டுபோனது.

பிறாவ் பெச்சார்ட் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

9 ஒக்டோபர், வியாழன்

ஞாயிற்றுக்கிழமை எழுதியது பொய். எனக்கே பொய் எழுதியிருக்கிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்? பிறகு ஏன்?

கண்டேன். நான் அவனைக் கண்டேன்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். வானம் கீழே, கல் மேலே. பனி இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பள்ளத்துக்கு அப்பால் சாய்வில் ஒரு கறுப்புப் புள்ளி. தலைகீழாக ஒருவன் கையசைத்தான். குலேந்திரன் என்று உடனே தெரிந்தது. பிறாவ் பெச்சார்ட் கொடுத்த, அவர் கணவரின் கறுப்புக் கோட்.

ஞாயிற்றுக்கிழமை வா என்று நான்தானே சொன்னேன். படம் எடுக்க வந்திருக்கிறான். இந்தச் சனியன் இப்பவா வரவேணும் என்று நினைத்தேன். ஓம், அந்தச் சொல்லுத்தான். அப்படியே எழுதுகிறேன்.

துணியை விலக்கி நேரே பார்த்தேன். அவன் இரண்டு கையையும் தூக்கினான். படத்துக்கு வாறவன் ஒரு கையை ஆட்டுவான். இரண்டு கையையும் தூக்க மாட்டான். அவன் இருந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது. சத்தம் ஏதும் கேட்டதா? காற்று என்று நினைத்தேன். நினைத்தேனா?

பிலிமைச் செருகிவிட்டு நின்றேன். பனி அவன் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் மறைந்துவிடுவான், படம் சுத்தமாகிவிடும். அவன் மறையும்வரை நான் காத்துக்கொண்டு நின்றேன்.

மறைந்தான். எடுத்தேன்.

பிறகு பனி என்னையும் மூடியது. கல்லைத் தடவித் தடவி விடுதிக்கு வந்து சேர்ந்தேன். அவனும் வந்திருப்பான் என்று நினைத்தேன். வரவில்லை. பிறாவ் பெச்சார்ட் கேட்டபோது கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். கயிறும் விளக்கும் நாயுமாக அந்தப் பக்கமே போயிருப்பார்கள். கண்டேன் என்றால், கண்டும் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். 'காணவில்லை' என்றது வாயில் தானாக வந்தது. ஒருமுறை சொன்ன பிறகு அதை மாற்ற விடியுமட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு முழு இரவு. நான் கட்டிலில் கிடந்தேன். அவன் கல்லுக்குள்ளை நிண்டான்.

14 ஒக்டோபர், செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணுக்கால் முறிந்திருக்கிறது. இரண்டு கால்விரல்கள் கறுத்துவிட்டன, எடுக்க வேண்டுமாம். ஆரா நகரில் இருக்கும் அவனுடைய அக்கா சந்திரமதி கட்டிலருகே இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வயதில் நான் அவரைவிட மூத்தவனில்லை. எழுந்து நின்றார்.

"அண்ணை, நீங்கள் தெய்வம் மாதிரி."

குலேந்திரன் சிரித்தான், உதடெல்லாம் வெடித்திருந்தது. "அக்கா, நான் கையைக் கையை ஆட்டினனான். அண்ணைக்குத் துணிக்குள்ளை தலையை விட்டால் உலகமே தெரியாது. அவரிலை பிழையில்லை."

எனக்காக அவனே நியாயம் சொல்கிறான்.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. 'தமிழ்ப் புகைப்படக்காரர் சக தொழிலாளியைக் காப்பாற்றினார்.' பிறாவ் பெச்சார்ட் அதை வெட்டிக் கணக்கு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்.

2 நவம்பர், ஞாயிறு

ஆராவில் சந்திரமதி வீட்டில் தீபாவளிச் சாப்பாடு. போகாமல் இருக்க முடியவில்லை. குலேந்திரன் ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே வந்துவிட்டான். கால் கட்டோடு கதிரையில் இருக்கிறான். வந்திருந்தவர்களில் டீட்டிகோனில் சரக்குக் களஞ்சியத்தில் வேலை செய்யும் தில்லைநாதன் என்னைப் பக்கத்தில் இருத்திக் கேட்டார்.

"எல்லாரும் பாதையிலை தேடேக்கை உங்களுக்கு மட்டும் எப்பிடி அந்தப் பக்கம் போகத் தோன்றினது?"

பேசாமல் இருந்திருக்கலாம். தலையைக் குனிந்திருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏதோ மனம் சொல்லிச்சுது" என்றேன்.

யாரோ, "கடவுள்தான் காட்டியிருக்கிறார்" என்றார்கள். சந்திரமதி எனக்கு இன்னும் ஒரு வடை வைத்தார்.

மனம் சொல்லிச்சுதாம். வெக்கங்கெட்டவனே.

23 நவம்பர், ஞாயிறு

விடுதி மூடியாயிற்று. குளிர்காலத்தில் மேலே காவலுக்கு நான் மட்டும். கல்வெளி முழுக்கப் பனிக்குள் போய்விட்டது.

அந்த நெகற்றிவை இன்றுதான் கழுவினேன். கழுவாமல் எறிந்துவிட நினைத்துத்தான் நிலவறைக்குப் போனேன். கைகள் பழக்கத்தில் மருந்தைக் கலந்தன. தாளில் படம் மெல்ல எழுந்து வந்தது.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். பனி எங்கே அடர்ந்திருக்க வேண்டுமோ அங்கே அடர்ந்து, கல்முனைகள் வெளியே நிற்க வேண்டிய மாதிரி நிற்கின்றன. ஒரு குறை சொல்ல முடியாது. வலது பக்கம் மூன்றாவது முனைக்குக் கீழே வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் அவன் நிற்கிறான்.

அதைப் பார்த்து, ஒரு கணம் — ஒரு கணம்தான் — எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை?

21 டிசெம்பர், ஞாயிறு

பிறாவ் பெச்சார்ட் மேலே வந்தவர் நிலவறையில் கயிற்றில் தொங்கிய படத்தைக் கண்டுவிட்டார். கிட்டப் போய் நின்று பார்த்தார். பிறகு, "என் கணவர் இதைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். விடுதிச் சாப்பாட்டு அறையில் மாட்டப்போகிறாராம். தபாலட்டையும் அடிக்கப்போகிறார்.

இந்தப் படம் வேண்டாம் என்றேன். ஏன் என்றார். இதில் ஒரு குறை இருக்கிறது என்றேன். எங்கே, காட்டு என்றார். என்னால் விரலை வைத்துக் காட்ட முடியவில்லை. படத்தை அவர் கொண்டு போனார்.

11 ஜனவரி 1987, ஞாயிறு

ஆராவுக்குப் போனேன். குலேந்திரனின் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்தப் படம்தான். கட்டிலுக்கு நேரே, கண்ணாடிச் சட்டத்தில். நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசாகப் பிறாவ் பெச்சார்ட் அனுப்பியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

அவன் கம்பூன்றி எழும்பி வந்து எனக்குக் காட்டினான். "அண்டைக்கு எடுத்ததாமே அண்ணை. நான் இதுக்குள்ளை எங்கையோதானே நிண்டிருப்பன்? ஆள் தெரியாட்டிலும் நானும் உங்கடை படத்திலை வந்திட்டன், பாருங்கோ. சிவமலருக்கு எழுதிப்போட்டன்."

சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை.

"குலேந்திரன், நான் கண்டனான்."

"என்னத்தை?"

"உன்னை. இரண்டு கையையும் தூக்கினாய். கண்டிட்டுத்தான் நிண்டனான். பனி உன்னை மூடுமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டு எடுத்தனான்."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அது கொஞ்ச நேரம் மிச்சமாக இருந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

"பின்னேரம் பிறாவ் பெச்சார்ட் கேக்கேக்கை?"

"காணேல்லை எண்டு சொன்னன்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

கட்டிலில் இருந்தான். காலைக் கையால் தூக்கிப் பலகையில் வைத்தான். அடுத்த அறையில் சந்திரமதி தேத்தண்ணீர் கலக்கும் சத்தம் கேட்டது.

"நான் அந்த இரா முழுக்க, அண்ணை என்னைக் காணேல்லை, கண்டிருந்தால் வந்திருப்பர், விடிஞ்சால் வருவர் எண்டு சொல்லிச் சொல்லித்தான் கிடந்தனான்" என்றான். "அதாலைதான் நித்திரை கொள்ளாமல் இருந்தனான். நித்திரை கொண்டிருந்தால் செத்திருப்பன்."

நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவன் எழும்பினான். சுவரிலிருந்து படத்தைக் கழற்றி என் கையில் தந்தான்.

"இதைக் கொண்டு போங்கோ."

சந்திரமதி தேத்தண்ணீரோடு வந்தார். "என்ன, படத்தைக் கழட்டிப்போட்டியள்?" என்றார். "அண்ணைக்குத் தேவையாம்" என்றான் குலேந்திரன். அக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். குடிக்காமல் வந்தால் அவர் கேட்பார்.

ரயிலில் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

12 ஜனவரி

பாரம் இறங்கும் என்று சொல்வார்கள். இறங்கவில்லை. இப்போது அது அவனிடமும் இருக்கிறது, அவ்வளவுதான்.

3 பெப்ரவரி, செவ்வாய்

பிறாவ் பெச்சார்ட்டுக்கும் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் இதற்குச் சொற்கள் போதவில்லை. அதனால் மழுப்பவும் முடியவில்லை. ஆளைக் கண்டேன். போகவில்லை. படம் எடுத்தேன். பொய் சொன்னேன்.

அவர் நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் கணவரும் அப்படித்தான் நின்றிருப்பார்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதுதான் சுட்டது. அந்தப் பொய்யைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேசைக்கு மேலே ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டைத் தானே உரித்து எடுத்தார்.

தபாலட்டை அடிப்பதை நிறுத்திவிடுகிறேன் என்றார். இந்த மாதத்தோடு நான் வேலையை விட்டு நிற்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

நெகற்றிவை அடுப்பில் போட்டேன். உடனே சுருண்டுவிட்டது. சட்டத்திலிருந்த படத்தையும்.

16 ஜூலை, வியாழன்

டீட்டிகோன். தில்லைநாதன் தன் களஞ்சியத்திலேயே வேலை எடுத்துத் தந்தார். பெட்டிகளை ஏற்றி இறக்குகிறேன். "குலேந்திரனைக் காப்பாற்றின ஆள்" என்று சொல்லித்தான் அவர் என்னை மேலாளரிடம் கூட்டிப்போனார். நான் திருத்தவில்லை. திருத்தினால் வேலை போய்விடும் என்றல்ல. வாயெடுத்துச் சொல்ல ஏலாமல் நிண்டன்.

ஆட்களோடு வேலை. சத்தம், பகிடி, சண்டை. மத்தியானம் மகேந்திரன் என்ற பெடியன் பெட்டி தூக்கும்போது விரலை நசித்துவிட்டான். 'ஐயோ' என்ற சத்தம் கேட்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். சின்னக் காயந்தான். ஏன் இப்படி ஓடி வந்தாய் என்று எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிக்குள் இருந்தது கண்ணாடிச் சாமான். ஏச்சு வாங்கினேன்.

27 பெப்ரவரி 1988, சனி

சந்திரமதி தொலைபேசியில். சிவமலர் வந்து சேர்ந்துவிட்டாளாம். கொழும்பில் மாதக்கணக்காக நின்று, வேறெங்கோ சுற்றி, ஒருவழியாக. என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம்.

வேலை அதிகம் என்றேன்.

12 மார்ச், சனி

குலேந்திரன் தொலைபேசி எடுத்தான். ஒரு வருடத்துக்கு மேலாகிறது அவன் குரல் கேட்டு.

"சிவமலர் வந்த நாள் தொட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுறா. ஒரு நாள் வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நான் வந்து சொல்லுறன், குலேந்திரன்."

"வேண்டாம்" என்றான். "அவ ஊரிலை சண்டைக்குள்ளை பார்த்திட்டு வந்தது போதும். ஒருத்தர் காணாமல் போனால் தேடிப் போறதுக்கு இன்னொருத்தர் இருக்கிறார் எண்டு அவ நம்பிக்கொண்டிருக்கிறா. அதைப் பறிக்காதேங்கோ. உங்களுக்காகச் சொல்லேல்லை."

20 மார்ச், ஞாயிறு

போனேன்.

சிவமலர் மெலிந்த பெண். கதவைத் திறந்ததும் என்னைக் கண்டு கும்பிட்டாள். "நீங்கள் இல்லாட்டில் நான் இஞ்சை ஆரிட்டை வந்திருப்பன் அண்ணை" என்றாள். நான் குலேந்திரனைப் பார்த்தேன். அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். வலது சப்பாத்தின் முனையில் பஞ்சு வைத்திருக்கிறான்.

இலையில்லை, தட்டுத்தான். மீன் குழம்பும் முருங்கைக்காயும். எனக்குத்தான் முதலில் போட்டாள். நடு மீன் துண்டை என் தட்டில் வைத்தாள். நான் அதை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன அண்ணை, உறைப்போ?"

"இல்லைப் பிள்ளை. நல்லா இருக்கு."

"அண்டைக்கு இவர் எந்தப் பக்கம் போனவர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். ஆசையாகக் கேட்டாள், கதை கேட்கிற பிள்ளை மாதிரி.

குலேந்திரன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "அண்ணைக்குக் கண் நல்ல கூர்மை. போடு, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு."

சாப்பிட்டேன். தட்டில் வைத்ததெல்லாம் சாப்பிட்டேன்.

அவன் ஸ்டேஷன் வரை கூட வந்தான். வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கால் இழுக்கிறது. அவன் நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டேன். மேடையில் காற்று குளிராக அடித்தது. ரயில் வந்து நின்றபோதுதான் வாய் திறந்தான்.

"அடுத்த மாசமும் அவ கூப்பிடுவா."

"ஓம்."

"வரவேணும். வராமல் விடக் கூடாது."

"வாறன்" என்றேன்.

தலையை ஆட்டினான். ரயில் புறப்படும்வரை அவன் நிற்கவில்லை.